கடல் பக்கம் திரும்பி நில்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு ஆடி பிறந்த பிறகு பதில் போடுகிறேன், திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். முத்து இன்னும் அந்தச் சைக்கிளைத் திருப்பித் தரவில்லை.

விஷயம் என்னவென்றால், வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டுப் பிரித்ததும் மொட்டை மாடிக்குப் போய் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடி வானத்தைப் பார்த்தேன். இடது கண்ணில் டீ வடிகட்டிய துணி மாதிரி, வலது கண்ணில் அப்படி ஒரு நீலம்! புரை முற்ற முற்ற லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை உள்ளே விடாதாம். இத்தனை வருஷமாக நான் சென்னைப் புகையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம், தினமும் சாயங்காலம் போனும் கையுமாக பெசன்ட் நகர் பீச். கிழக்குக் கடலில் ஏதுடா அஸ்தமனம் என்பாய். அஸ்தமனம் யாருக்கு வேண்டும்? சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் கடல் பக்கம் திரும்பி நில். கொஞ்ச நேரத்தில் தண்ணீரை ஒட்டி மங்கலான நீலத்தில் ஒரு பட்டை எழும்பும், அதன் தலையில் ரோஜா நிறம். அந்த நீலம் பூமியின் நிழல், சேகர்! கிரகணத்தன்று நிலா மேல் விழுகிற அதே நிழல்தான், இங்கே காற்றின் மேல் விழுந்து கண்ணெதிரே ஏறுகிறது, கால் மணி நேரத்தில் இருட்டோடு கரைந்துவிடுகிறது. போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி ரோஜாவை வெளுக்கடித்துவிடும், நான் குறைத்து வைத்து எடுக்கிறேன். "ஒண்ணுமே இல்லாத பக்கம் எடுக்கிறீங்களே சார்" என்றான் சுண்டல் விற்கிற பையன்.

1883-ல் இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு மெட்ராஸில் சூரியனே பச்சையாகத் தெரிந்திருக்கிறது. பார்த்தவர்களுக்குக் கண் கோளாறு என்று எவனாவது சொல்லியிருப்பான்.

அப்பா நினைவு வருகிறதடா. கடைசி நாட்களில் வேட்டிக்கு நீலமே போடவில்லை என்று அம்மாவோடு தினம் சண்டை. பளீரென்று இருக்கும் வேட்டி. நீயும் நானும் திண்ணையில் உட்கார்ந்து சிரிப்போம். ஒருவரும் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. நானும்தான்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி. அப்புறம், உன் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பேறிவிட்டது என்று சலவைக்காரரைத் திட்டி அரைப் பக்கம் எழுதியிருந்தாயே, அவரை விடு. முதலில் போய்க் கண்ணைக் காட்டு.

உன்,
பாலு