டோர்ட்முண்டிலிருந்து தம்பிக்கு

டோர்ட்முண்ட்,
29.6.2020

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. அம்மாவை மார்க்கெட் பக்கம் அனுப்பாதே.

கொரோனா காலத்தில் இங்கே ஜெர்மனியில் பார்க்க ஆளே இல்லாமல் எப்படி ஃபுட்பால் மேட்ச் நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நமக்குத் தெரிந்தது மார்ச் 14 அன்று ஃபட்டோர்டாவில் பூட்டிய ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி 1-3 என்று தோற்ற ஐஎஸ்எல் ஃபைனல். அது ஒரே ஒரு மேட்ச். இங்கத்திய முதல் டிவிஷன் லீக்கான பூண்டஸ்லீகா மார்ச் 13 அன்று நின்றபோது 82 மேட்ச் பாக்கி. பல வீரர்களின் ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது, டிவி பணத்தின் கடைசித் தவணையும் வரவேண்டும். அதனால் எப்படியாவது ஜூனுக்குள் முடிக்க வேண்டிய கட்டாயம். முந்தாநாள் முடித்துவிட்டார்கள்.

வீரர்கள் முதலில் அவரவர் வீட்டில் சைக்கிள் மிதித்தார்கள். ஏப்ரலில் சின்னச் சின்னக் குழுவாக கிரவுண்டுக்கு வந்தார்கள். ஒருவரை ஒருவர் தொடாமல் பாஸ், ஓட்டம், ஷூட்டிங் மட்டும். மே 6 அன்று அரசு அனுமதி கொடுத்த பிறகுதான் முழு டீமும் மோதிப் பயிற்சி செய்தது. மே 16 அன்று மேட்ச். பத்தே நாள்! இது போதாது என்பது என் எண்ணம். ஷால்கே டீமுக்கு எதிரான முதல் மேட்சில் ஆட வேண்டிய டோர்ட்முண்ட் வீரன் ஜியோ ரெய்னா வார்ம்-அப்பிலேயே அடிபட்டு வெளியே போனான். இரண்டு மாதம் சும்மா இருந்த தசை நேராக ஓடும். சட்டென்று நின்று திரும்பினால்தான் கிழியும். மாற்று ஆட்டக்காரர்களை 3லிருந்து 5 ஆக்கியது இதற்காகத்தான். ஆனால் அந்த 5 பேரையும் மூன்று தடவைக்குள் இறக்கிவிட வேண்டும், இடைவேளை மட்டும் கணக்கில் வராது.

ஸ்டேடியத்தை மைதானம், கேலரி, வெளிப்புறம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நூறு பேர் அளவுக்குத்தான் விட்டார்கள். பந்து எடுத்துப் போடும் பையன்கள் நான்கே பேர். பந்துகளை மேட்சுக்கு முன்னும் இடைவேளையிலும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் எல்லோரும் வருவதில்லை. கைகுலுக்கல் இல்லை, பெஞ்சில் முகக்கவசத்தோடு இடம் விட்டு உட்காருகிறார்கள்.

இத்தனைக்கும் அடித்தளம் பரிசோதனைதான். வாரத்துக்கு இரண்டு தடவை. தொடங்கும் முன் இரண்டு டிவிஷனிலும் சேர்த்து 36 கிளப்புகளில் 1,724 பரிசோதனை எடுத்ததில் 10 பேருக்குத் தொற்று. அதற்குப் பிறகும் இரண்டாவது டிவிஷனில் ஆடும் டிரெஸ்டன் டீமில் இரண்டு பேருக்கு வர, டீம் மொத்தமும் 14 நாள் தனிமையில் போனது. மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அவர்கள் வீட்டில். பிறகு விட்டதையெல்லாம் சேர்த்து மூன்று நாளுக்கு ஒன்று என்று ஆடி, கடைசி இடத்தில் முடித்து கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நோய் தோற்கடித்த டீம் அது.

இந்த ஊர் ஸ்டேடியத்தில் தெற்கு கேலரியில் மட்டும் 24,000க்கு மேல் ஆட்கள் நின்றுகொண்டே பார்ப்பார்கள், மஞ்சள் சுவர் என்று பெயர். ஏப்ரலில் வடக்குப் பக்கம் கொரோனா சிகிச்சை மையமாக இருந்தது. ஷால்கேவை 4-0 என்று ஜெயித்த பிறகு வீரர்கள் அந்த வெறும் படிக்கட்டு முன்னால் வரிசையாக நின்று கும்மாளம் போட்டார்கள். பந்து உதைபடும் சத்தம், கோல்கீப்பர் கத்துவது, எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது. இங்கே இதை ‘கைஸ்டர்ஷ்பீல்’ என்கிறார்கள், பேய் ஆட்டம் என்று பொருள். கூட்டம் இல்லாததால் சொந்த ஊர் பலமும் போய்விட்டது. முதல் வாரம் ஒன்பது மேட்சில் சொந்த ஊரில் ஜெயித்தது டோர்ட்முண்ட் மட்டும்தான். அந்த டோர்ட்முண்டே கடைசி நாள் இங்கே ஹோஃபன்ஹைமிடம் 0-4 என்று தோற்றது, நான்கையும் கிராமாரிச் ஒருவனே அடித்தான்.

அங்கே வியாசர்பாடியில் நம் பசங்களுக்குப் பரிசோதனை வசதி கிடையாது. அதனால் பயிற்சிக்கு அவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து வெவ்வேறு நேரத்துக்கு வரச் சொல். எப்போதும் அதே நால்வர், மாற்றாதே. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு பேர் நின்றால் போதும். தண்ணீர் பாட்டில் அவனவன் வீட்டிலிருந்து. ஊரடங்கு எடுத்த உடனே மேட்ச் வைக்காதே. முதல் இரண்டு வாரம் நேர் ஓட்டம், மூன்றாவது வாரம் திரும்பி ஓடுவது, அதற்கப்புறம் மோதி ஆடும் பயிற்சி. பெரிய பையன்கள் அவசரப்படுவார்கள், விட்டுவிடாதே.

பசங்களின் பூட்ஸ் அளவை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்