உஸ்ஸென்ற சத்தமும் நான் வராமல்போன கதையும்

கொட்டகலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று நான் வரவில்லை என்று நீ கோபமாக இருப்பதாகத் தங்கச்சி போனில் சொன்னாள். கோபம் நியாயம்தான். ஆனால் நான் கிளம்பாமல் இருந்தேன் என்று நினைக்காதே. விடிய ஐந்து மணிக்கே புறப்பட்டு, கினிகத்தேனை தாண்டி, கித்துல்கலைப் பக்கம் இறங்கும் வளைவுகள் வரை வந்துவிட்டேன். அன்றைக்கு 'கார் பழுது' என்று ஒரு வரியில் முடித்தேன். முழுக் கதை இதுதான்.

இரண்டு மாதமாகவே பொனட்டுக்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தெரியாது. இன்ஜின் சூடேறி ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சும்மா ஓடும் வேகம்) தணிந்ததும், சாரைப்பாம்பு சீறுவதுபோல மெல்லக் கேட்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அடங்கிவிடும். ரேடியேட்டர்தான் என்று நானே முடிவு கட்டி, தினமும் தண்ணீர் மட்டம் பார்த்தேன். ஒரு சொட்டுக் குறையவில்லை. கராஜில் காட்டினேன். ரேடியேட்டர் மூடி மாற்றினார்கள், பிளக் நான்கும் மாற்றினார்கள், காசு வாங்கினார்கள். சத்தம் மாறவில்லை. எந்தக் கராஜ் என்று கேட்காதே, ஊருக்குள் முகம் பார்க்க வேண்டும்.

அன்று மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்ததுபோல இருந்தது. கார் நின்றது, ஆனால் இரண்டு காலையும் வைத்து மிதிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, மெதுவாக ஊர்ந்து, ஒரு தேத்தண்ணிக் கடை ஓரமாக நிறுத்தினேன். கை நடுங்கியது, உனக்கென்ன மறைப்பு.

கடையில் ஒரு பெரியவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டியவராம். சத்தத்தைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தார். "ரேடியேட்டர்னா ஆவி வரும் சேர், வாசம் வரும். இது காத்து வெளிய போற சத்தமில்ல, உள்ள இழுக்குற சத்தம்" என்றார். அப்புறம் இன்ஜினை அணைக்கச் சொல்லி, பெடலை ஐந்தாறு தடவை மிதிக்க வைத்தார். பெடல் இறுகியது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நல்ல காரென்றால் அந்த நேரம் பெடல் கொஞ்சம் கீழே அமிழும். என்னுடையது அசையவே இல்லை.

கடைக்காரரிடம் ஒரு முழம் ரப்பர் குழாய் வாங்கி, ஒரு நுனியைத் தன் காதில் வைத்து, மறுநுனியை இன்ஜினுக்குள் டாக்டர் மாதிரி நகர்த்தினார். ஃபேன் பெல்ட் பக்கம் போகாதபடி சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் குனிந்தார். இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸின் வளைவில் கை நின்றது. அடிப்பக்கம் விரலை வைத்து அழுத்தினார். சத்தம் சட்டென்று நின்றது. ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஐட்லிங்கும் அமைதியானது. விரலை எடுத்தார், உஸ். வைத்தார், அமைதி. எனக்காக மூன்று தடவை செய்து காட்டினார்.

பெடலுக்கு முன்னால் கறுப்புச் சட்டி மாதிரி இருக்கிறதே, அதுதான் பூஸ்டர். அதிலுள்ள காற்றை இன்ஜின் உறிஞ்சி வைத்திருக்கும். மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். அந்தத் தள்ளல்தான் நம் காலுக்குத் துணை. ஹோஸில் இருந்த வெடிப்பு வழியே காற்று புகுந்தால் துணை போய்விடும், மிச்சம் நம் காலின் பலம்தான். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. கடல்மட்டத்தில் நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் 18 முதல் 22 அங்குலப் பாதரச அளவுக்கு (வெற்றிடத்தை அளக்கும் கணக்கு அது) இழுக்கும். 1,000 அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா 6,000 அடிக்கு மேல். அங்கே நல்ல காருக்கே ஆறு அங்குலம் நட்டம், ஓட்டை ஹோஸுக்குக் கேட்கவா வேண்டும்? 2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு போனோமே, நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. அணைத்தபிறகு பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, ஸ்பெயார் பார்ட்ஸ் கடை திறக்கவே பதினொரு மணி. கடைக்காரரின் மகன் பஸ்ஸில் கினிகத்தேனைக்குப் போய் முதலில் ஹீட்டர் ஹோஸைக் கொண்டுவந்தான். தண்ணீர்க் குழாய் வெற்றிடத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர் திருப்பி அனுப்பினார். சரியானது வந்து, ஹோஸோடு சேர்ந்த ஒருவழி வால்வின் அம்புக்குறியை இன்ஜின் பக்கம் பார்த்து மாட்டி முடிக்கும்போது இரண்டரை மணி. ஹோஸும் இரண்டு கிளிப்பும் 2,800 ரூபாய். பெரியவர் காசு வாங்கவில்லை, இன்னொரு பிளேன்டீ மட்டும் குடித்தார்.

ஏப்ரல் சீசனுக்கு அப்பாவின் பழைய காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியா வரப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே அந்தப் பெடல் சோதனையைச் செய்துவிடு. அமிழ்ந்தால் வா, இல்லாவிட்டால் ரயிலில் வா, கொட்டகலை ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அந்த ஹோஸ் துண்டை எறியவில்லை, மேசை டிராயரில் கிடக்கிறது. நேராகப் பிடித்தால் புதுசு மாதிரித்தான் இருக்கும். நீ வந்ததும் வளைத்துக் காட்டுகிறேன்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி