கோபுரப் பூங்காவில் ஒரே ஒரு பெட்டி வைக்க அனுமதி தாருங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் பூங்காத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அண்ணா நகர் கோபுரப் பூங்காவில் குடும்பங்கள் சேர்ந்து ஆடும் ஜியோகேச்சிங் (ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். துணையோடு தேடும் விளையாட்டு) புதிர் வேட்டை ஒன்றை அமைக்க எழுத்துபூர்வ அனுமதி கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். பூங்காவுக்குள் புதிதாக வரப்போவது ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி மட்டுமே. பள்ளம் தோண்ட மாட்டோம், மரத்தில் ஆணி அடிக்க மாட்டோம், சுவரில் எதையும் ஒட்ட மாட்டோம்.

இந்த விளையாட்டு 2000 மே மாதம் பிறந்தது. ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்ததை அமெரிக்க அரசு அப்போதுதான் நிறுத்தியது. மறுநாளே ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆயங்களை (இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இணையத்தில் வெளியிட்டார். இன்று தேடுவதற்குக் கைப்பேசி போதும். பெட்டியைக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

ஏன் ஒரே பெட்டி? இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது ஜியோகேச்சிங் இணையதளத்தின் விதி. சுமார் 15 ஏக்கர் பூங்காவில் பல பெட்டிகளை நெருக்கி வைக்க முடியாது. வைக்கத் தேவையும் இல்லை. மற்ற நிறுத்தங்களில் பிள்ளைகள் தேடப்போவது ஏற்கெனவே அங்கு நிற்கும் பொருள்களில் உள்ள எண்களைத்தான்; அவற்றைக் கொண்டே பெட்டியின் ஆயங்களை நிரப்புவார்கள். பெட்டி இல்லாத நிறுத்தத்துக்கு அந்தத் தூர விதியும் கிடையாது.

பூங்கா முழுவதும் வடக்கு 13 பாகை 05 நிமிடம், கிழக்கு 80 பாகை 12 நிமிடம் என்ற எல்லைக்குள் அடங்குகிறது. மாறுவது இரண்டிலும் நிமிடத்தின் தசமத்தில் உள்ள மும்மூன்று இலக்கங்கள் மட்டும். முதல் இலக்கம் ஒன்று பிசகினால் ஆள் 180 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்ச் சாலையில் நிற்பார். இரண்டாவது பிசகினால் சுமார் 18 மீட்டர், மூன்றாவது பிசகினால் 2 மீட்டருக்கும் குறைவு. அதனால் இரண்டிலும் முதல் இலக்கத்தைக் குடும்பங்களுக்குத் தரும் புதிர்த் தாளிலேயே அச்சிட்டுவிடுவோம். பிள்ளைகள் தேட வேண்டியவை நான்கு இலக்கங்கள், நிறுத்தங்களும் நான்கு. 18 மீட்டர் பிசகவைக்கும் இலக்கங்களுக்கு அசையாத விடைகளை வைக்கிறோம்: கல்வெட்டில் பொறித்த எண், கோபுரம் திறக்கப்பட்ட 1968ஆம் ஆண்டின் ஒரு இலக்கம் போன்றவை. ஆண்டைத் தமிழ் எண்களில் ௧௯௬௮ என்று கொடுத்தால் அதுவே ஒரு நல்ல புதிர்.

இத்தகைய வேட்டைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பெஞ்சுகளையும் குப்பைத் தொட்டிகளையும் எண்ணச் சொன்னால், அடுத்த பராமரிப்பில் ஒன்று இடம் மாறியதும் புதிர் செத்துவிடும். "கோபுரத்தில் எத்தனை மாடி?" என்ற கேள்வியும் ஆபத்து, தரைத்தளத்தைச் சேர்ப்பவர் ஒன்று சொல்வார், சேர்க்காதவர் வேறு சொல்வார். மரத்தின் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால், புள்ளி வைத்த எழுத்தை எண்ணுவதா என்ற சண்டை வரும். ஆகவே 'வேப்பமரம் = 6' என்று ஒரு மாதிரியைத் தாளிலேயே போட்டுவிடுகிறோம். ஆறு வயதுக் குழந்தையும் செய்யும்படி கூட்டலும் கழித்தலும் மட்டுமே. கடைசியில் நான்கு இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கொடுப்போம். பொருந்தாவிட்டால் நடப்பதற்கு முன்பே பிழை தெரிந்துவிடும். இலக்கங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தால் மட்டும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. அதற்காகத்தான் தாளில் விடை எழுதும் கட்டங்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிடுகிறோம். கோபுரத்தின் மேல் ஏற வேண்டிய புதிர் எதுவும் கிடையாது.

உங்களுக்குச் செடிகளைப் பற்றிய கவலை இருக்கும், அது நியாயமானது. கைப்பேசி ஜி.பி.எஸ். திறந்த வெளியில் சில மீட்டர் வரை சரியாகக் காட்டும். அடர்ந்த மரநிழலில் 10 மீட்டருக்கு மேலும் தவறும். பெட்டி பூப்பாத்தி அருகே இருந்தால் அந்த வட்டம் முழுதும் மிதிபடும். அதனால் வானம் தெரியும் இடத்தில், பாத்தியிலிருந்து 10 மீட்டராவது தள்ளி, காவலர் அறையின் பார்வையில் படும்படி வைக்கக் கேட்கிறோம். மூன்று வெவ்வேறு நாள்களில் ஆயங்களை அளந்து சராசரி எடுப்போம். தாளில் தெளிவான குறிப்பு ஒன்றும் இருக்கும். தரையிலிருந்து 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் உயரம் என்றால் குழந்தைக்கும் எட்டும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். மரப்பொந்து, கற்குவியல் வேண்டவே வேண்டாம். பாம்பும் தேளும் தேனீயும் இருக்கும் இடங்கள் அவை.

பாதுகாப்பில் நாங்கள் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டோம். டிபன் பாக்ஸ், இரும்புப் பெட்டி, டேப் சுற்றிய டப்பா எதையும் நம் ஊர்ப் பொது இடத்தில் கேட்பாரற்று வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற பெட்டிதான். 'இது விளையாட்டுப் பெட்டி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அனுமதி எண்ணும் பொறுப்பாளர் தொலைபேசி எண்ணும் ஒட்டப்படும். படமும் இடமும் காவல் நிலையத்துக்கும் பூங்காக் காவலர்களுக்கும் முன்கூட்டியே போய்ச் சேரும். வாயில், மின்மாற்றி, கோபுரத்தின் அடி ஆகிய இடங்களைத் தவிர்ப்போம்.

பெட்டிக்கு ரப்பர் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உண்டு. வளையத்தில் மணல் ஒட்டினால் மழைநீர் உள்ளே இறங்கும். மாதம் ஒருமுறை துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டையும் மாற்ற வேண்டும். பெயரெழுதும் தாள் ஜிப் பையில் இருக்கும். பேனா மை ஈரத்தில் கரையும் என்பதால் பென்சில்தான். கண்டுபிடிப்பவர்கள் ஒன்றை எடுத்து வேறொன்றை வைத்து மாற்றிக்கொள்ளும் சிறு பரிசுகளில் தின்பண்டம் கூடாது. எறும்பும் எலியும் வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பராமரிப்பு மாதம் இருமுறை.

தொடக்க நாளன்று நான்கு குடும்பங்கள் நான்கு வெவ்வேறு நிறுத்தங்களில் தொடங்கும். விடைகள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்பதால் வரிசை முக்கியமில்லை, ஒரே இடத்தில் கூட்டமும் சேராது. காலையில் நடப்பவர்களின் பாதையை மறிக்கவும் மாட்டோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குப்பைப் பை தருவோம்; தேடும்போதே குப்பை பொறுக்கி வருவது இந்த விளையாட்டில் 2002 முதலே உள்ள வழக்கம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஆறு மாதத்துக்கான அனுமதிக் கடிதம், எங்களுடன் பேச ஒரு பூங்கா மேற்பார்வையாளர், பலகைகளையோ பெஞ்சுகளையோ மாற்றும் முன் ஒரு தகவல். வாய்மொழிச் சம்மதம் போதாது. காவலர் மாறினால் அது காற்றோடு போய்விடும். தளத்தில் வெளியிடும் முன் பரிசீலிக்கும் தன்னார்வலர்களும் அனுமதி பற்றிக் கேட்பார்கள். பெட்டியை எந்த நாளும் எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுடையது. சொன்ன 24 மணி நேரத்துக்குள் எடுத்து, தளத்திலும் பதிவை முடக்கிவிடுவோம்.

மழை ஓய்ந்து வெயில் ஏறாத ஜனவரி, பிப்ரவரி மாதங்களே தொடங்க உகந்தவை. டிசம்பருக்குள் பதில் கிடைத்தால் ஆயங்களை அளக்கவும், காவலர்களுடன் ஒருமுறை ஆடிப் பார்க்கவும் நேரம் இருக்கும். மாதிரிப் பெட்டி, புதிர்த் தாள், இடம் குறித்த வரைபடம் மூன்றையும் நீங்கள் சொல்லும் நாளில் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் ஜியோகேச்சிங் ஆடும் பெற்றோர்கள்