பழைய மடிக்கணினிகளை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்ததால், விண்டோஸ் 11-க்கு மாறும் தகுதியில்லாத கணினிகளை நம் மாவட்டத்தில் பலர் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். அவற்றில் நல்ல நிலையில் உள்ள மடிக்கணினிகளில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றி, வீட்டின் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் ரூட்டராகப் பயன்படுத்தலாம். திரை உடைந்திருந்தாலும், விசைகள் சில உதிர்ந்திருந்தாலும் பாதகமில்லை. அமைத்து முடிக்கும் வரை வேறொரு திரையை இணைத்துக்கொண்டால் போதும்.

ரூட்டருக்கு இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் (இணையக் கேபிள் செருகும் துளைகள்) வேண்டும். மடிக்கணினியில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும் என்பதால், யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருக வேண்டும். ஒரு போர்ட்டில் ஃபைபர் மோடமும் மற்றொன்றில் பழைய வைஃபை பெட்டியும் சேரும். ஒரு போர்ட்டில் வரும் தரவை மற்றொன்றுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங் என்னும் லினக்ஸ் அமைப்பை 0-விலிருந்து 1 ஆக மாற்றி, லினக்ஸின் தீச்சுவர்க் கருவியான என்எஃப்டேபிள்ஸில், எல்லாக் கருவிகளும் ஒரே இணைய முகவரியில் வெளியே செல்ல உதவும் மாஸ்கரேட் விதியை எழுதி, ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்க டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளை நிறுவினால், வீட்டிலுள்ள கைபேசிகள் அனைத்தும் ஒரே இணைப்பில் இயங்கும். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றுக்குச் சில ஆண்டுகளிலேயே பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிடுகின்றன. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5 ஆண்டுகள் அவை கிடைக்கின்றன என்பதே இம்முறையை நான் வலியுறுத்த முதற்காரணம்.

மேசைக்கணினியை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். 60 வாட் எடுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால், இரு மாதங்களில் 86 யூனிட் செலவாகி, அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரத்தைப் பெருமளவு விழுங்கிவிடும். 15 வாட்டில் ஓடும் மடிக்கணினிக்கு ஏறக்குறைய 22 யூனிட் போதும். இரண்டு பருவமழையும் பெய்து அடிக்கடி மின்சாரம் போய்வரும் நம் பகுதியில், அதன் பேட்டரி சிறிது நேரம் தாக்குப்பிடிப்பதும் பெரிய வசதி. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

இதைச் செய்ய விரும்பும் குடும்பங்களுக்குக் கற்றுத்தர ஆள் இல்லை என்பதுதான் குறை. நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் விடுமுறை நாட்களில் பொதுமக்களுக்கு இலவசப் பயிற்சி நடத்தவும், அங்கு பயிலும் மாணவர்களே வீடுகளுக்குச் சென்று அமைத்துக் கொடுக்கவும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.