வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: எட்டு வழி ஸ்ப்ளிட்டரும் பதினான்கு டிபியும்

வணக்கம்.

"அம்பத்தூர் ஸ்ப்ளிட்டர் 14 டிபியைத் தின்கிறது, போலிச் சரக்கு" என்று கேபிள் ஆபரேட்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஃபைபர் என்னும் கண்ணாடி இழையில் வரும் ஒளியைப் பல வழிகளுக்குப் பிரித்துத் தரும் எங்கள் பெட்டிதான் ஸ்ப்ளிட்டர்; ஒளி எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு டிபி. பேசியவர் நம் பழைய வாடிக்கையாளர்தான்; பெயர் வேண்டாம்.

ஒரு ஃபைபரில் வரும் ஒளியை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வழிக்கும் எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பங்கீட்டுக்கே 9 டிபி போய்விடும். பிரம்மனே வந்து செய்தாலும் அதற்குக் கீழே இறங்காது. 32 வழி என்றால் 15. அதற்கு மேல் போவதற்கு மட்டும்தான் நாங்கள் பொறுப்பு. அவருடைய பெட்டியின் சீட்டில் 10.1 என்று நாங்கள் கையால் எழுதியே கொடுத்திருந்தோம்.

பெட்டியையும் அவர் செருகியிருந்த கேபிளையும் வரவழைத்து மேசையில் வைத்துப் பார்த்தோம். பச்சைக் கனெக்டரோடு நீலத்தை இணைத்திருந்தார். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலத்தினுடையது சாய்வில்லாதது. இரண்டும் சரியாக முட்டாது, நடுவே காற்று நின்று ஒளி வீணாகும். போதாததற்கு முனையில் விரல் ரேகை. துடைத்து, பச்சைக்குப் பச்சை போட்டதும் மீட்டர் அதே 10.1 காட்டியது. படம் எடுத்து அவருக்கே அனுப்பினோம். பதில் இல்லை. குரல் பதிவு மட்டும் இன்னும் சுற்றுகிறது.

அடுத்த மாதம் முதல் விலை பன்னிரண்டு சதவீதம் கூடும். வெள்ளி விலையைக் காரணம் காட்டலாம்; பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிச் சில்லை வெள்ளி கலந்த உருகிய உப்பில் அமிழ்த்தும்போது அதிலுள்ள சோடியம் வெளியேறி வெள்ளி புகுந்த தடத்தில்தான் ஒளி ஓடுகிறது. ஆனால் அதற்குச் செலவாகும் வெள்ளி சொற்பம். உண்மைக் காரணம், கண்ணாடியின் விளிம்பில் ஃபைபரை ஒட்டும் எங்கள் மூத்த பணியாளர் விலகிவிட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒரு மைக்ரான் பிசகாமல் நிறுத்தி, புற ஊதா விளக்கில் பசையை இறுக்கும் வேலை அது. இப்போது புதிதாக இருவர் பழகுகிறார்கள். வீணாகும் சில்லுகளின் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆர்டருக்கு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

2015 வெள்ளத்தில் எங்கள் உலை நனைந்தபோது, கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இரண்டு மாதம் காத்திருந்தவர்கள் நீங்கள். அதை இந்தப் பட்டறை மறக்காது. மனமார்ந்த நன்றி.

ஆடியில் அனுப்பிய 32 வழிப் பெட்டிகள் சிலவற்றில் பசை சரியாக இறுகவில்லை. வெயிலேற ஒளி இழப்பும் ஏறினால் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். கூரியர் செலவு தங்களுடையது.

இப்படிக்கு,
உரிமையாளர்