பி.டி. ஷன்ட்டில் விடுபட்ட பெயர்

குழந்தைகள் இதய அறுவைப் பாடநூல்களின் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நூல்களில் ஒன்று அண்மையில் புதிய பதிப்பு கண்டிருக்கிறது. தலைப்பு, படவிளக்கம், பொருளடைவு எல்லாவற்றிலும் 'ப்ளாலாக்-டாசிக் ஷன்ட்', சுருக்கமாக 'பி.டி. ஷன்ட்', என்றே இருக்கிறது. ஷன்ட் என்பது ரத்தம் மாற்று வழியில் பாய அமைக்கும் இணைப்பு. இந்த அறுவையை உருவாக்க உழைத்த விவியன் தாமஸ் யாரென்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தும் அவர் பெயரை விட்டதால்தான் இந்த மடல். அந்தப் பெயரைச் சேருங்கள்.

நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகி உடல் நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவை இது. கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியை வெட்டி, அதன் முனையை நுரையீரல் தமனியின் பக்கவாட்டில் தைக்க வேண்டும். இணைப்பு சிறுத்தால் அடைத்துக்கொள்ளும், குழந்தை மறுபடி நீலமாகும். பெருத்தாலோ நுரையீரலில் ரத்தம் அளவுமீறிப் பாய்ந்து இதயம் தளர்ந்துவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சுமார் 200 நாய்களில் செய்து பார்த்து இதைக் கைக்குள் கொண்டுவந்தவர் தாமஸ். ஆரோக்கியமான நாயின் உடலில் அந்த நீலத்தை எப்படி வரவழைப்பது என்பதையே முதலில் அவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பச்சைக் குழந்தையின் ரத்தக்குழாயைத் தைக்க அன்று தோதான ஊசி கிடையாது. இருந்தவை நீளமானவை. தாமஸ் அவற்றை வெட்டிக் குட்டையாக்கி, காதுப்பக்கத்தைத் துணி மாட்டும் கிளிப்பால் கவ்விப் பிடித்து, சாணைக்கல்லில் முனை தீட்டினார். 1944 நவம்பர் 29 அன்று 15 மாதப் பெண் குழந்தையின் மார்பைத் திறந்தபோது, அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் ப்ளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் நின்று படிப்படியாக வழி சொன்னவரும் அவர்தான். அந்த அறுவையை ஆய்வுக்கூடத்தில் ப்ளாலாக் ஒரே ஒரு முறை, அதுவும் தாமஸுக்கு உதவியாளராக நின்றுதான் செய்திருந்தார்.

1945இல் கட்டுரை வெளிவந்தது. ப்ளாலாக், டாசிக் என இரண்டே பெயர்கள். குழந்தைகளின் இதயக் குறையைக் கண்டறிந்து ப்ளாலாக்கிடம் வழி கேட்டு வந்த டாக்டர் ஹெலன் டாசிக்கின் பங்கை யாரும் குறைத்துப் பேசவில்லை. தாமஸின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

மருத்துவம் படிக்கச் சேர்த்த பணத்தை 1930 வங்கி வீழ்ச்சியில் பறிகொடுத்தவர் அவர். அதே ஆண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ப்ளாலாக்கின் ஆய்வுக்கூட வேலைக்குச் சேர்ந்தார். கறுப்பர் என்பதால் பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர், கூலியும் அதற்கேற்றதுதான். ஹாப்கின்ஸ் வந்த பிறகும் சம்பளம் கட்டுபடியாகவில்லை. ப்ளாலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுத்துக் கூடுதல் காசு சம்பாதித்தார். பகலில் அவரிடம் தையல் கற்ற மருத்துவர்களுக்கே மாலையில் கோப்பை நீட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவர் பெயரை விட்டவர்களை விடுங்கள். இன்றும் விடுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆய்வுக்கூடப் பணியாளரின் பெயரை அறுவைக்கு வைப்பது மரபில்லை என்பீர்கள். அதே ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1971இல் அவரது உருவ ஓவியத்தைச் சுவரில் மாட்டியது. 1976இல் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் தந்தது, அதுவும் மருத்துவத்தில் அல்ல, சட்டத் துறையில். ஆய்விதழ்க் கட்டுரைகள் பலவற்றில் 'ப்ளாலாக்-டாசிக்-தாமஸ்' என்ற பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. தமனியை வெட்டாமல் செயற்கைக் குழாய் வைக்கும் முறை வந்தபோது 'மாற்றியமைத்த' என்ற அடைமொழியைத் தயங்காமல் சேர்த்தீர்கள். அதற்குக் கிடைத்த இடம் இந்த மனிதரின் பெயருக்குக் கிடைக்காதா?

மருத்துவ வரலாற்றில் இது முதல் முறையுமில்லை. பெரியம்மைச் சீழைத் தோலைக் கீறி ஏற்றும் ஆப்பிரிக்க வழக்கத்தை பாஸ்டனில் தன் எஜமானர் காட்டன் மேதருக்குச் சொன்னவர் ஒனீசிமஸ் என்ற அடிமை. 1721 கொள்ளைநோயின்போது அதைக் கையாண்டு உயிர்களைக் காத்தார்கள். மேதரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒனீசிமஸைத் தெரியும்? கோபத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, பொறுத்தருளுங்கள்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: தாமஸின் பெயரைச் சேருங்கள். அறுவையை முதலில் குறிப்பிடும் இடத்தில் மூன்று பெயரும் முழுதாக வரட்டும். அதன்பின் 'பி.டி.டி. ஷன்ட்' என்ற சுருக்கம் போதும். பழைய பெயரைத் தேடும் மாணவருக்காகப் பொருளடைவில் 'ப்ளாலாக்-டாசிக்' என்பதற்கு எதிரே புதிய பெயரைக் காட்டும் ஒரு வரி வையுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் திருத்தக்கூடிய வேலைதான் இது. அடுத்த பதிப்பிலேயே செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைப் படிப்பவர்கள்