மல்லாட்டை (வேர்க்கடலை) வெண்ணெய் போடப்போகும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய லேபிள் படத்தைப் பார்த்தேன். மல்லாட்டைச் செடி ஓவியம் அழகாக இருக்கிறது, அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அதன் கீழே 'ரசாயனம் அறவே இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாயே, அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படி. போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிப்பா, மீட்டிங்' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மல்லாட்டையில் வரக்கூடிய மிக மோசமான ரசாயனத்தை எந்தக் கம்பெனியும் தயாரிப்பதில்லை. நம் கொல்லை மண்ணிலேயே கிடக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம்தான் தயாரிக்கிறது. அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றார்கள். தேடிக்கொண்டே போனதில், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் மாட்டியது. நம் நாட்டிலும் 1974இல் ராஜஸ்தான், குஜராத் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 100 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை கண்டு இறந்தார்கள். அந்த வீடுகளில் நாய்களும் தப்பவில்லை. ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் இப்படி. கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் போனால் கல்லீரல் புற்றுநோய்.

இங்கே கொஞ்சம் வாத்தியாராகிறேன், பொறுத்துக்கொள். அஃப்ளடாக்சின் நேராகப் போய் டிஎன்ஏவைத் தொடுவதில்லை. கல்லீரலில் உள்ள என்சைம்கள் அதை நீரில் கரையும்படி மாற்றி வெளியே தள்ளப் பார்க்கின்றன. அதற்காக ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கும்போது எபாக்சைடு என்ற வடிவம் பிறக்கிறது. தாய்ப்பொருளைவிட இதுதான் ஆபத்தானது. வேலியே பயிரை மேய்ந்த கதை. இந்த எபாக்சைடுக்கு ஆயுசு மிகக் குறைவு. அதற்குள் குளுட்டத்தயோன் என்ற, கல்லீரலில் உள்ள காப்புப் பொருள் பிடித்துக்கொண்டால் கழிவோடு வெளியேறிவிடும். தப்பியது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் (சுருக்கமாக ஜி) போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதையும் செல்லில் உள்ள பழுதுபார்க்கும் புரதங்கள் பெரும்பாலும் வெட்டி எடுத்துச் சரிசெய்துவிடும். அதற்குள் செல் தன் டிஎன்ஏவைப் படியெடுத்துப் பிரிந்துவிட்டால், ஜி இருக்கவேண்டிய இடத்தில் டி என்ற வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துவிடலாம். அப்புறம் அதைத் திருத்த ஆளில்லை.

1991இல் சீனாவின் கிதோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், பி53 மரபணுவில் 249ஆம் இடத்தில் இதே எழுத்து மாற்றத்தை மறுபடி மறுபடி பார்த்தார்கள். டிஎன்ஏ கெட்டுப்போன செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவது பி53 புரதம். அதுவே கெட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீனும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது: உடம்பே அதை எபாக்சைடாக்கிக் குவானினில் ஒட்டவிடுகிறது. மாப்பிள்ளைக்கு இதை நீ சொல். மாமனார் சொன்னால் நன்றாக இருக்காது.

சரி, தொழிலுக்கு வருகிறேன். வறுத்தால் போய்விடும் என்று எண்ணாதே. வறுப்பதில் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. அதனால் காரியம் எல்லாம் உன் அடுப்புக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது. காய் முற்றும் சமயத்தில் மண் வறண்டு சூடேறினால் பூஞ்சணம் நிலத்திலேயே ஏறிவிடும். பிடுங்கிய பிறகு மழை. ஆடிப்பட்டத்துக் காய் ஐப்பசி மழையில் களத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. மார்கழிப் பட்டத்துக் காய் வெயிலில் நன்றாகக் காயும், முடிந்தவரை அதையே வாங்கு. காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஆனால் காதை மட்டும் நம்பாதே, ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடு, 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம்.

உடைத்த பருப்பாகக் கமிட்டியிலோ (ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்) மண்டியிலோ வாங்குவதுதான் எனக்குப் பயம். மெஷினில் போடும்போது பருப்பு பிளக்காமல் இருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். எடையும் கொஞ்சம் கூடும், யாருக்குக் கசக்கும்? அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டி அடுக்கினால் போதும், பூஞ்சணத்துக்கு வேறு உபசாரம் தேவையில்லை. காயாக வாங்கி, தண்ணீர் தெளிக்காமல் நீயே உடைத்துக்கொள். உடைசல் போனால் போகட்டும்.

பிறகு கைப்பொறுக்கு. சுருங்கியது, நிறம் மாறியது, தோல் கறுத்தது, முளைவிட்டது எல்லாவற்றையும் தள்ள வேண்டும். ஒரு மூட்டையில் விஷம் எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது. ஏதோ சில பருப்புகளில்தான் மொத்தமாகக் குவிந்திருக்கும். பொறுக்குவதற்குக் கூலி கொடுப்பது வீண் செலவில்லை என்பது இதனால்தான். தள்ளிய சொத்தையை என்ன செய்யப்போகிறாய் என்பதையும் இப்போதே முடிவுசெய். ஊரில் அது செக்குக்குப் போகும், புண்ணாக்கு மாட்டுக்குப் போகும், மாட்டின் வழியாக அஃப்ளடாக்சின் எம்1 என்ற உருவில் பாலுக்கு வரும். செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் கொஞ்சம் தங்கும், ரீஃபைன் செய்ததில் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க் கட்சிக்காரனான எனக்கு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நல்ல பருப்பை ஆட்டினால் சண்டையே இல்லை.

அப்படியே சாப்பிடும் கடலைக்கு நம் நாட்டுச் சட்டம் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரை விடுகிறது, ஐரோப்பாவில் 4. கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதிலும் இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு லாட்டுக்கும் லேப் சோதனை வேண்டும். ஒரு பிடி எடுத்து அனுப்பாதே. பல மூட்டைகளில் இருந்து எடுத்து, சில கிலோ சேர்த்து, ஒன்றாக அரைத்து அதிலிருந்து அனுப்பு.

இன்னொன்று, இது வியாபாரத்துக்கு வெளியே. ஷாங்காயில் ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அஃப்ளடாக்சின் மட்டும் உடம்பில் ஏறியவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து 3 மடங்கு, ஹெபடைடிஸ் பி வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 60 மடங்கு அளவுக்குப் போனது. நம் குட்டிக்குப் பிறந்தவுடனேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்று. நீ பிறந்தபோது அரசு அட்டவணையில் அது கிடையாது. நீயும் மாப்பிள்ளையும் டாக்டரிடம் கேட்டு, ரத்தம் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நானும் அம்மாவும் இந்த வாரம் போகிறோம்.

லேபிளில் அந்த வரியை எடுத்துவிட்டு லாட் நம்பரும் சோதனைத் தேதியும் போடு. முதல் லாட்டின் லேப் கட்டணத்தை நான் அனுப்பிவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே, பென்ஷனில் கணக்குக் கேட்பாள்.

அன்புடன்,
அப்பா